வினைமுற்று வரும்வரை வெட்டாதீர்கள்

“எனக்கு இந்தக் கடைய மூடிடணும்னு தோணினதே இல்ல.”

சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் காணொளிப் பேட்டியில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தோணினதே’ வரை குரல் ஓங்கி நிற்கும். ‘இல்ல’ பாதி மூச்சாக இறங்கி, பின்னால் போகும் பேருந்தின் இரைச்சலில் கரைந்துபோகும். கணினித் திரையில் ஒலியின் அலைவடிவத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறவருக்கு வாக்கியம் ‘தோணினதே’வோடு முடிந்த மாதிரிதான் தெரியும். அங்கே கத்தரித்தால், கடையை விட மனமில்லாத மனிதர் கடையை மூட நினைத்த மனிதராகிவிடுவார்.

சிங்கப்பூரில் தமிழ்க் காணொளி தொகுக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் பல நேரம் அவர் ஒருவர்தான் என்பது. ஒலிக்கலவை செய்பவர் மலாய்க்காரராக இருப்பார், நிறம் திருத்துபவர் சீனராக இருப்பார். எல்லாரும் கை தேர்ந்தவர்கள். டைம்லைனில் (துண்டுகளை அடுக்கும் காலக்கோட்டில்) ஒரே ஒரு கறுப்பு ஃப்ரேம் (ஒற்றைப் படம்) நுழைந்தாலும் பிடித்துவிடுவார்கள். ஆனால் ‘இல்ல’ காணாமல் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். படத்துக்கும் ஒலிக்கும் சரிபார்க்க இன்னோர் ஆள் உண்டு. தமிழுக்குக் கிடையாது.

பேச்சு

ஆங்கிலப் பேட்டிகளை வெட்டிப் பழகிய கைக்குத் தமிழ் முதலில் பிடிபடாது. ஆங்கிலத்தில் ‘இல்லை’ வாக்கியத்தின் முற்பாதியிலேயே வந்துவிடும். வாலில் கொஞ்சம் நறுக்கினாலும் கருத்து தப்பித்துக்கொள்ளும். நம் பேச்சில் வால்தான் உயிர். மாட்டேன், கூடாது, முடியல, இல்ல எல்லாம் கடைசியில் வருகின்றன. ‘அவர் வரமாட்டார்னு சொன்னாங்க’ என்பதை ‘வரமாட்டார்’ என்ற இடத்தில் நிறுத்தினால், பிறர் சொன்ன சேதி பேசுகிறவரின் சொந்தக் கூற்றாகிவிடும். ‘வீட்ட வித்துட்டாராம்’ என்பதில் கடைசி ‘ஆம்’ போனால் வதந்தி உண்மையாகிறது. ‘வந்தாரா’ என்ற கேள்வியில் கடைசியில் நாலு ஃப்ரேம் அதிகமாக வெட்டிவிட்டால் ‘வந்தார்’ என்ற பதில் கிடைக்கும். பேட்டி கொடுத்தவர் நாளை வந்து கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் தொகுப்பாளர்தான்.

கை வேலையாகச் சொன்னால்: நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி நொடி. கடைசி உயிரொலி காதில் முடிந்த இடத்திலிருந்து 8 முதல் 10 ஃப்ரேம் விட்டு வெட்டுங்கள். பேச்சின் இழுவை அதற்குள் அடங்கிவிடும். படத்தை முன்னதாக மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் படத்தை மட்டும் மாற்றுங்கள். ஒலி அடுத்த காட்சியின் மேல் ஓடி முடியட்டும். இதற்கு வசதியாக, படப்பிடிப்புக் குழுவிடம் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத வெற்றொலி 30 நொடி பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வரவேற்பறையில் மின்விசிறி ஓடும் ஒலியும் குளிர்சாதனம் ஓடும் ஒலியும் வேறு வேறு. ஒன்றின் ஓட்டையை மற்றதால் அடைக்க முடியாது.

அடுத்தது வினையெச்சச் சங்கிலி. ‘காலையில போயி, மார்க்கெட்ல பாத்து, விலை பேசி, வாங்கிட்டு வந்து’ என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கண்ணிகளுக்கு நடுவில் வெட்டி ஒட்டலாம், எழுவாய் மாறாதவரை. ஆனால் பேச்சை அங்கே முடிக்கக்கூடாது. எச்சத்தில் குரல் மேலே தொங்கும். பார்ப்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார், அதற்குள் வேறு ஆள் வந்து பேச ஆரம்பித்துவிடுவார். நேரம் இல்லை என்றால் சங்கிலியின் முன் கண்ணிகளை எடுத்துவிட்டு, முற்றோடு முடியும் கடைசிக் கண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து குறைப்பது எப்போதும் பாதுகாப்பு. பின்னாலிருந்து குறைப்பது ஆபத்து.

‘வந்து’ தனிக் கதை. ‘நான் வந்து, அப்ப வந்து’ என்று இடையிடையே வருவது வெறும் இடைநிரப்பி. எடுத்தால் பேச்சு தெளியும். ‘ஊருக்கு வந்து சேந்தேன்’ என்பதில் அது நிஜமான வினை. தமிழ் தெரியாத உதவியாளரிடம் ‘வந்து எல்லாவற்றையும் தூக்கிவிடு’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் யாரும் எந்த ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கமாட்டார்கள்.

தானாக மௌனத்தை நீக்கும் வசதி இப்போது எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எவ்வளவு நீண்ட மௌனத்தை வெட்டுவது என்ற அதன் நுழைவளவு மிகக் குறைவாக இருந்தால் தமிழைக் கடித்துவிடும். காரணம் நம் இரட்டை வல்லினம். ‘அக்கா’, ‘பத்து’, ‘பாட்டி’ என்று சொல்லும்போது நடுவில் வாய் அடைபடும் கணம் அலைவடிவத்தில் வெறும் பள்ளமாகத் தெரியும். கருவி அதை மௌனம் என்று எண்ணி மூடினால் ‘பத்து’ ‘பது’ ஆகிவிடும். குறைந்தது 400 மில்லி நொடி நீளும் மௌனத்தை மட்டும் தொடு என்று அமைத்துவிட்டு, இரு பக்கமும் 100 மில்லி நொடி இடம் விடச் சொல்லுங்கள். அப்படியும் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள்.

தமிழ் தெரியாதவர்தான் வெட்டப்போகிறார் என்றால், அவருக்குத் தரவேண்டிய பேச்சுப் பட்டியலில் நான்கு பத்தி இருக்கட்டும்: டைம்கோடு (பதிவில் அந்த இடம் வரும் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம்), பேசியபடியே தமிழ், ஆங்கிலப் பொருள், வாக்கியம் முடியும் இடத்தின் டைம்கோடு. நான்காவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இந்தப் பட்டியல் போட நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நம்மவர் பேச்சு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து மலாய்க்கும் தாவி, ஒரு ‘லா’ போட்டு முடியும். தானியங்கி எழுத்துப்பெயர்ப்பு அந்தத் தாவலில் தடுமாறும். ‘லா’வை எடுப்பதா வைப்பதா என்று கேட்டால், ஆவணப்படத்தில் வையுங்கள். குரல் இறங்கி அமர்வது அந்த எழுத்தில்தான். செய்தித் தொகுப்பாக இருந்தால் ஒளிவழியின் மொழிக் கொள்கையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில்

இங்கே தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடுவது வழக்கம். இரண்டு வரிக்கு மேல் கூடாது, வரிக்கு 42 எழுத்து, குறைந்தது 1 நொடி, அதிகம் போனால் 7 நொடி, இரண்டு சப்டைட்டிலுக்கு இடையில் 2 ஃப்ரேம் இடைவெளி. இவை பலரும் பின்பற்றும் அளவுகள். இவற்றைச் சரியாகச் செய்தும் ஒரு தமிழ்க் காட்சியைக் கெடுக்க முடியும்.

‘அன்னிக்கு ராத்திரி கதவத் தட்டினது... எங்க அப்பா.’ நடிகர் நடுவில் ஒன்றரை நொடி நிறுத்துகிறார். ஆங்கில வாக்கியத்தில் அப்பா முதலில் வந்துவிடுவார். முழு வாக்கியத்தையும் ஒரே சப்டைட்டிலாகப் போட்டால், நடிகர் வாய் திறப்பதற்குள் அரங்கில் பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். இரண்டாக உடையுங்கள். முதல் பாதி ‘கதவைத் தட்டியவர்’ என்ற அளவில் தொங்கட்டும். ‘அப்பா’ என்பது அவர் சொல்லும் ஃப்ரேமில் வரட்டும். ஆங்கிலம் கொஞ்சம் வளைந்தாலும் பரவாயில்லை. நகைச்சுவைக் காட்சியில் இது இன்னும் முக்கியம். படிக்கிறவர்கள் முதலில் சிரித்து, கேட்கிறவர்கள் பிறகு சிரித்தால் நகைச்சுவை இரண்டு தடவை செத்துப்போகும்.

தமிழிலேயே சப்டைட்டில் போடும்போது எண்ணிக்கை வேறு. மென்பொருள் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல. ‘தொகுப்பு’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி. அதனால் 42 என்ற வரம்பு தமிழில் ஏறத்தாழ 25 எழுத்தோடு முடிந்து, சிவப்பு எச்சரிக்கை கத்த ஆரம்பிக்கும். பயந்து வாக்கியத்தைக் குதறாதீர்கள். திரையில் வரியின் அகலத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். வரி உடைக்கும்போது ‘போக’ ஒரு வரியிலும் ‘மாட்டேன்’ அடுத்த வரியிலும் விழக்கூடாது. வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூட்டுங்கள். மேல் வரியின் ‘ணூ’ காலும் கீழ் வரியின் ‘கீ’ மேல்சுழியும் முட்டிக்கொள்ளும்.

சப்டைட்டில் கோப்பை எஸ்.ஆர்.டி. வடிவில் சேமிக்கும்போது குறியேற்றம் யூ.டி.எஃப்-8 என்று இருக்கவேண்டும். விண்டோஸில் பழைய ஆன்சி வடிவில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, மூலக் கோப்பு வேண்டும்.

மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு அனுப்புகிறவர்கள் வந்ததை இங்குள்ள சொற்களுக்கு மாற்றவேண்டியிருக்கும். அங்கே அமைச்சகம், இங்கே அமைச்சு. அங்கே டாலர், இங்கே வெள்ளி. அங்கே தன்னார்வலர், இங்கே தொண்டூழியர். கால்பந்து இங்கே காற்பந்து. எதுவும் தவறில்லை, ஆனால் சிங்கப்பூர் அமைச்சரின் பெயருக்குக் கீழே ‘அமைச்சகம்’ என்று ஓடினால் படம் எங்கே தயாரானது என்று பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். 40 சொல் கொண்ட ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வேலை அனுப்பும்போதே சேர்த்து அனுப்பினால் போதும்.

எழுத்து

அடோபி பிரீமியரில் தமிழ் தட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா? அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில், எழுத்து இயந்திரம் ‘தெற்காசிய, மத்தியக் கிழக்கு’ என்று இருக்கவேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு எழுத்துக்கான அமைப்புப் பகுதியில் இருக்கிறது. மாற்றியபின் பழைய தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் என்றால் எந்தக் கணினியிலும் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் லதாவில் செய்த தலைப்பை அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, வரி உடையும்.

ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு அசைவைத் தமிழுக்குப் போடாதீர்கள். ‘கொ’வில் முதலில் ‘க’ வரும், அடுத்த ஃப்ரேமில் கொம்பும் காலும் ஒட்டும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று எட்டிப்பார்க்கும். சொல் சொல்லாக அசைக்கலாம், அல்லது இடமிருந்து வலமாக மறைப்பை விலக்கலாம். எழுத்து இடைவெளியையும் ஆங்கிலத் தலைப்பு மாதிரி அகட்டக்கூடாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும்.

பிடிஎஃப் அழைப்பிதழிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்புகள் எழுத்துக்கு முன்னும் பின்னும் இடறிக் கிடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப்பட்டியல் வந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். தமிழ் தெரியாத வரைகலைஞரிடம் கொடுப்பதானால் தட்டெழுத்தைக் கொடுக்கவே வேண்டாம். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக, 1920-க்கு 1080 அளவில் நீங்களே செய்து கொடுத்துவிடுங்கள். அவர் அசைக்கலாம், உடைக்க முடியாது.

பெயர்களுக்கு வருவோம். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழாக்குவது ஊகம்தான். ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டல் வாணியாகவும் இருக்கலாம், வனியாகவும் இருக்கலாம். கலாவாகவும் இருக்கலாம், காலாவாகவும் இருக்கலாம். பேட்டிக்குச் சம்மதம் வாங்கும் படிவத்தில் ‘உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள்’ என்று ஒரு கோடு விட்டால் வேலை முடிந்தது. படிவம் இல்லாதபோது, கேமராவைப் பார்த்து ஒருமுறை பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அங் மோ கியோ, தோ பாயோ போன்ற இடப்பெயர்களுக்கும் சீன, மலாய்ப் பெயர்களுக்கும் உள்ளூர்த் தமிழ் நாளிதழ் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதினால் சண்டை வராது.

கெட்டிமேளம்

திருமணக் காணொளியில் தமிழ் தெரியாமல் தொகுப்பவர் செய்யும் பெரிய பிழை, கெட்டிமேளத்தை இரைச்சல் என்று நினைப்பது. தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தின் ஒலியை அணைத்துவிட்டு, பியானோ இசை போட்டு, தாலி கட்டும் கையை மெதுவாக ஓடவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மணப்பெண்ணின் பாட்டிக்குத்தான் ‘எங்கே கட்டினாங்க?’ என்று கேட்கத் தோன்றும்.

தாலி விழும் இடத்துக்கு 10 நொடி முன்னாலிருந்தே நேரொலியை விடுங்கள். மூன்றாவது முடிச்சு விழும்வரை ஒலித்தடத்தில் வெட்டே கூடாது. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்றவை நாத்தனார் என்பது பல குடும்பங்களின் வழக்கம். அந்த நாத்தனாரின் கை தெரியாவிட்டால் அந்த வீட்டில் அது பல ஆண்டுப் பேச்சு. முன்னால் நிற்கும் கேமரா பெரும்பாலும் அட்சதை போட எழுந்த சொந்தக்காரர்களின் முதுகைத்தான் எடுத்திருக்கும். பக்கவாட்டிலோ உயரத்திலோ ஒரு கேமரா ஓடியிருந்தால் அதுதான் காப்பாற்றும். இரண்டும் மறைந்துவிட்டால் ஒலியை விடாமல் ஓட்டி, படத்தில் பெண்ணின் தாயார் முகத்துக்குப் போய்த் திரும்புங்கள். மறுமுறை கட்டச் சொல்ல முடியாது.

இந்த ஒலி நல்லபடி வர, படப்பிடிப்பு நாளில் இரண்டு காரியம். கேமராவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை அணைக்கவேண்டும். இல்லையென்றால் தவில் ஓயும் ஒவ்வொரு கணமும் ஐயரின் மந்திரம் மேலெழும்பி, மறுகணம் அமுங்கும். இரண்டாவது, அதே மைக்கை 12 டெசிபெல் குறைவாக இன்னொரு தடத்தில் பதிவது. மேல் தடம் வெடித்தால் அந்த நொடிகளுக்கு மட்டும் கீழ்த் தடம். 32 பிட் ஃப்ளோட் பதிவுக்கருவி இருந்தால் நல்லது, ஆனால் மைக்கே திணறிப் பதிந்த ஒலியை அதனாலும் மீட்க முடியாது.

தனிப் பதிவுக்கருவியில் எடுத்த ஒலி, தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி, அதாவது ஏறத்தாழ 2 ஃப்ரேம் நழுவும். ‘கருவி கெட்டுவிட்டது’ என்று தேட வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை மௌனமான இடத்தில் வெட்டி, ஒரு ஃப்ரேம் நகர்த்துங்கள். கேமராக்களின் தேதியும் நேரமும் காலையிலேயே ஒன்றாக வைக்கப்பட்டிருந்தால் சடங்கு வரிசையும் கலையாது. காப்புக் கட்டுவதும் மெட்டி போடுவதும் அம்மி மிதிப்பதும் முன்பின்னாக வந்தால் தமிழ் தெரியாதவருக்கு எது முதல் என்று சொல்ல வழியில்லை.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் எந்த மனிதத் தோலும் ஏறத்தாழ அதே கோட்டின் மேல்தான் விழும். மாறுவது வெளிச்ச அளவு. கறுப்பு 0, வெள்ளை 100 என்ற அளவுகோலில் வெள்ளைத் தோலுக்குச் சொன்ன 70 என்ற அளவுக்கு நம் முகங்களை ஏற்றினால் மஞ்சள் பூசிய முகம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும், பின்னாலிருக்கும் வெள்ளை வேட்டி வெடித்துப் போகும். கறுத்த முகம் 35, 45 அளவில் நிற்கட்டும். வேட்டி 90-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, முகத்தில் மட்டும் மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

25

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃப்ரேம். கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு வைத்தால் புளோக் தாழ்வாரத்துக் குழல்விளக்கு மினுக்காது. கைப்பேசிகள் பெரும்பாலும் 30-இல் பதிவாகும். 30-ஐ 25 டைம்லைனில் போட்டால் ஒவ்வொரு நொடியும் 5 ஃப்ரேம் உதிரும். உட்கார்ந்து பேசுகிறவரிடம் அது தெரியாது. காவடி ஊர்வலத்தில் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது விக்கும். ஃப்ரேம்களைக் கலக்கும் தேர்வு விக்கலை மாற்றிப் பேய் நிழலைத் தரும். படம் எடுப்பதற்கு முன்பே கைப்பேசியை 25-க்கு மாற்றச் சொல்வதுதான் வழி. அதோடு கைப்பேசிப் பதிவில் ஃப்ரேம் வேகம் நிலையாக இராது. நீளமான பேச்சில் உதடும் ஒலியும் பிரியும். டைம்லைனுக்குள் கொண்டுவருமுன் ஷட்டர் என்கோடர் என்ற மாற்றி மென்பொருளில் போட்டு, 25 நிலை வேகத்தில் தொகுப்புக்கு ஏற்ற புரோரெஸ் வடிவாக மாற்றிக்கொள்ளுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ‘காணொளியாக வேண்டாம், ஆவணமாக அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள்; 2 ஜிபி வரை தரம் குறையாமல் வரும்.

24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25-இல் ஓடவிட்டால் நீளம் 4 விழுக்காடு குறையும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியாகும், குரலும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறும். பாட்டு உள்ள படத்தில் சுருதி தெரிந்தவர் காது உடனே கண்டுபிடிக்கும். சுருதியை இறக்கிச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.

இடக் கணக்கு: நொடிக்கு 100 மெகாபிட் 4கே பதிவு மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் 360 ஜிபி. இரண்டு பிரதி எடுத்தால் 720. கணினி திணறினால் 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி (வெட்டுவதற்கு மட்டுமான எடை குறைந்த பிரதி) போதும், மணிக்கு ஏறத்தாழ 17 ஜிபிதான். கேமராவின் நினைவக அட்டையிலிருந்து நகலெடுக்கும்போது உள்ளே இருக்கும் காணொளியை மட்டும் பொறுக்காமல் முழுக் கோப்புறையையும் எடுங்கள். பழைய ஏவிசிஎச்டி கேமராக்கள் நீளமான பதிவைத் துண்டு துண்டாக வைத்திருக்கும், துணைக் கோப்புகள் இல்லாவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் குளோன் கருவி நகலைச் சரிபார்த்தே எடுக்கும், இலவசப் பதிப்பிலும் இருக்கிறது. இரண்டாவது நகல் சரிபார்க்கப்படும்வரை அட்டையை அழிக்கக்கூடாது.

கைமாற்றம்

தொலைக்காட்சிக்குத் தரும்போது ஒப்படைப்புத் தாளை வேலை தொடங்குமுன் வாங்குங்கள், முடிந்தபின் அல்ல. பல இடங்களில் கேட்பது 1920-க்கு 1080, 50 இன்டர்லேஸ் (வரி விட்டு வரி காட்டும் முறை), மேல் வரி முதலில், நொடிக்கு 50 மெகாபிட் எம்எக்ஸ்எஃப் கோப்பு, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஒலி உரப்பு ஐரோப்பிய முறைப்படி என்றால் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அதே கோப்பை யூடியூபில் ஏற்றினால் சத்தம் மெலிந்திருக்கும். அங்கே மைனஸ் 14-ஐத் தாண்டினால் குறைப்பார்கள், குறைவாக இருந்தால் ஏற்றமாட்டார்கள். ஆகவே இணையத்துக்குத் தனியாக ஒரு கலவை. எழுத்துகள் திரை ஓரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 5 விழுக்காடு உள்ளே நிற்கட்டும். தலைப்பு எழுத்தே இல்லாத பிரதி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். பெயர் மாறினால் பிறகு அதுதான் உதவும்.

சென்னையில் ஒலிக்கலவை நடந்தால் ஒலித்தடங்களைக் கைமாற்றும் ஏஏஎஃப் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் 2 நொடி கூடுதல் விடுங்கள். படம் 01:00:00:00-இல் தொடங்கினால் 00:59:58:00-இல் ஒரே ஒரு ஃப்ரேம் ‘பிப்’ ஒலி வையுங்கள். திரும்பி வரும் கலவையை அந்தப் பிப்பில் பொருத்தினால் நழுவல் தெரிந்துவிடும். அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் காலை 9 மணிக்கு அனுப்பும் அவசரம் அங்கே ஆறரைக்குப் போய்ச் சேருகிறது. 200 ஜிபியை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏற்ற நான்கரை மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படம் திரையரங்குக்குப் போனால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 தர வரிசை உண்டு. எந்தத் தரத்தைக் குறிவைக்கிறோம் என்று இயக்குநரிடம் முதல் வெட்டுக்கு முன்பே கேளுங்கள்.

காசு விஷயத்துக்கு வந்தால், தனியாக வேலை செய்யும் தொகுப்பாளர் அறியவேண்டியது 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2021 நவம்பர் 21 முதல், கூலிக்கு எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, படைத்தவருக்கே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் முதலாளிக்கு. வாடிக்கையாளர் நீட்டும் தாளில் பெரும்பாலும் ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று ஒரு வரி இருக்கும். அதை விட்டுக்கொடுப்பதென்றால் அதற்கென்று ஒரு தொகை சொல்லிவிட்டு விட்டுக்கொடுங்கள். சினிமாப் பாட்டைத் திருமணக் காணொளியில் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமைதாரரின் கோரிக்கை தானாக வரும். அரங்கில் பாட்டை ஒலிக்க காம்பஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம்) தரும் அனுமதி வேறு, படத்தோடு இணைக்கும் அனுமதி வேறு.

விலைப்பட்டியலில் ‘திருத்தம் இரண்டு சுற்று, மூன்றாவது முதல் மணிக்கணக்கு’ என்று எழுதுங்கள். பாதித் தொகை முன்பணம், மீதி வந்தபின் நீர்க்குறி இல்லாத கோப்பு. ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தொடாமல், பதிவும் செய்யாமல் இருப்பவர் 9 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கக்கூடாது. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குக் கட்டவேண்டும். இதை மறந்துவிட்டு வருடக் கடைசியில் திகைப்பவர்கள் அதிகம். பணம் வராவிட்டால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல்ஸில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். வாட்ஸ்அப் பேச்சு அங்கே உதவும், அழிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் புராஜெக்ட் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்கள், பெயர்ப் படிவங்கள், எழுத்தில்லாப் பிரதி ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு, தேதியைப் பெயராக வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மூலக் காணொளியை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும், ‘மாமா பேர்ல ஒரு எழுத்து தப்பு’ என்று எட்டாவது மாதம் அழைப்பு வரும். அந்தச் சிறிய கோப்புறை இருந்தால் பத்து நிமிட வேலை.